மருந்துக்குக் கிடாரம் எடுத்தது

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஸ்டோரில் பதினாறு வருடம் ரோலர் மெக்கானிக்காக இருந்தேன். கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். முருகன் எனக்குப் படிப்பைத் தராவிட்டாலும் காதைத் தந்திருந்தான். மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்று அட்டனில் குடியேறியிருந்தார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனாலும் எங்கள் சனத்துக்கு அவர்தான் டொக்டரையா. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்து, ஒரு போத்தல் இருமல் பாணிக்குக் கடை கடையாக அலைந்த காலம் அது. டொக்டரையாவும், அட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவரும் சேர்ந்து சின்னதாக ஒரு மருந்துத் தொழிற்சாலை போட முடிவெடுத்தார்கள். மிஷின் பார்த்து எடுக்கவும், பிறகு ஓட்டவும் டொக்டரையா என்னைக் கூப்பிட்டார்.

போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்டோர் வேலையை விட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவையும், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையையும், விட வேண்டும். பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு இரண்டு தரம் திரும்பி வந்திருந்தது. வேலையும் வீடும் இல்லாதவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு வேறு. கடைசியில் ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அட்டனுக்கு வந்தேன். போத்தல் அடுக்கி வைக்கிற கட்டிடத்துக்குப் பின்னால் ஓர் அறையை முதலாளி கொடுத்தார். நாங்கள் இறங்கிய அன்றே பழைய காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. இந்த வேலை போனால், தலை சாய்க்க இடமில்லை.

பாய்லரும் வடிகட்டியும் சுலபமாகக் கிடைத்தன. மருந்து காய்ச்சுகிற கிடாரத்துக்குத்தான் கொழும்பு வரை போக வேண்டியிருந்தது. நீராவி உள்ளே ஓடுவதற்கு இரட்டைச் சுவர் வைத்த பெரிய கிடாரம். பழைய மிஷின் விற்கிற யார்டு ஒன்றில் மூன்று கிடந்தன. ஒன்று செம்பு, உள்ளே ஈயம் பூசியது. மற்ற இரண்டும் வார்ப்பிரும்பில் வெள்ளை எனாமல் பூசியவை. அந்த இரண்டில் ஒன்று பளபளவென்று புதிது போல் இருந்தது. மற்றது வெளிப்புறமெல்லாம் துரு பிடித்து, கால் வளைந்து கிடந்தது.

முதலாளி நேராகச் செம்புக் கிடாரத்திடம் போய் அதன் வயிற்றைத் தட்டினார்.

"இதுதான் கிடாரம். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இதுல ரெண்டு ஆடு வேகும்."

"முதலாளி, நம்ம ஆடு வேக வைக்கப் போறதில்ல" என்றார் டொக்டரையா. "பாணியில எலுமிச்சைப் புளிப்பு இருக்கு. ஈயம் எங்கயாச்சும் விட்டுப்போச்சுன்னா செம்பு மருந்துல இறங்கிரும்."

"அப்ப அந்த வெள்ளக்காரி." முதலாளி பளபளத்ததைக் காட்டினார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. பச்சைக் கொழுந்துச் சாறு இரும்பில் பட்டால் மை போலக் கறுத்துவிடும். அதனால்தான் ஸ்டோரில் கொழுந்து படுகிற இடத்துக்கெல்லாம் பித்தளை போடுவார்கள். எனாமலில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தேயிலைச் சாயம் உள்ளே போய் இரும்பைத் தொடும், தொட்டால் கறுக்கும் என்று எனக்குத் தோன்றியது. வரும்போதே இடுப்பில் ஒரு முடிச்சுத் தேயிலைத் தூள் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். யார்டுக்காரனிடம் வெந்நீர் கேட்டு, கெட்டிச் சாயமாக இரண்டு எனாமல் கிடாரத்திலும் ஊற்றினேன்.

யார்டுக் காவல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மலைநாட்டாளுக கெட்டாங்க போ! கிடாரத்துக்கே தேத்தண்ணி குடுக்கிறாங்க! சீனி போட்டியா ஐயா?"

"கிடாரம் கேட்டாப் போடுறேன்" என்றேன்.

மதியம் வரை காத்திருந்து சாயத்தைக் கொட்டினோம். பளபளத்த கிடாரத்தின் அடியில் சிலந்தி வலை போலக் கறுப்புக் கோடுகள். துருப்பிடித்த கிழட்டுக் கிடாரத்தின் உள்ளே ஒரு புள்ளி இல்லை. டொக்டரையா என் தோளில் கை வைத்தார். முதலாளி, "சரி பாஸ், உன் சொல்லுக்காக இந்தக் கெழவியக் கட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். பட்டறை வேலை தெரிந்தவனை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். லொறியில் வைக்கோல் போட்டு ஏற்றி, மலை ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த புதன்கிழமை கொழும்பிலிருந்து ஆபீசர் வந்து பார்த்து அனுமதிக் கடதாசி கொடுப்பதாக இருந்தது. அதற்கு முன் வெள்ளிக்கிழமை பூசை வைத்தோம். மிஷினுக்குப் பூசை போடாமல் முதல் ஓட்டம் ஓட்டுவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்டோரில் ஆயுத பூசையன்று ஒவ்வொரு ரோலரின் இரும்புக் காலிலும் தேங்காய் உடைப்போம். தோட்டத்தை நடத்துகிற தொரைகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நிற்பார். தேங்காயை முதலாளியே வாங்கிக் கொடுத்துவிட்டு, வாசல் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். நான் திருநீறு பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போனது. தேங்காயை ஓங்கிக் கிடாரத்தின் விளிம்பில் அடித்தேன்.

முதல் அடியில் தேங்காய் உடையவில்லை. மணி அடித்தாற்போல் கிடாரம் கணீரென்றது. இரண்டாவது அடியில் தேங்காய் இரண்டாகப் பிளந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் கணீர் இல்லை. சப்பென்று இருந்தது.

பூசைக்கு வந்திருந்த எங்கள் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நல்ல சகுனம் என்றார் டொக்டரையா. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் தாங்க முடியாமல், விளிம்பு வரை நிரம்பக் கெட்டிச் சாயம் ஊற்றினேன். திங்கள் விடிந்ததும் கொட்டினேன். விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே இறங்கியது கறுப்புக் கோடு. மருந்து கொதித்து நிற்கிற மட்டத்துக்குக் கீழேயும் போயிருந்தது. புளிப்புப் பாணி அந்த வெடிப்பில் பட்டால் இரும்பும் துருவும் மருந்தில் இறங்கும்.

அப்படியே கோயிலுக்குப் போய் நின்றேன். "உன் பேரைச் சொல்லித்தானே உடைத்தேன், ஐயனே" என்று கேட்டேன். என் கைக்கு அவரா பொறுப்பு?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப புதங்கெழம வரைக்கும் வாயெ மூடிக்கிட்டு இருங்க. ஆபீசர் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். இந்த மூணுத்தையும் இழுத்துக்கிட்டு நான் எங்க போறது? ஆத்தோரத்துலயா படுக்குறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் சின்னவள் மூலையில் இருமிக்கொண்டு கிடந்தாள். முதல் போத்தலில் அவளுக்குக் கொஞ்சம் வாங்கி வரச் சொல்லி மனைவி அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, அந்தக் கிடாரத்துல காய்ச்சுனத இவளுக்குக் குடுப்பியா?"

அவள் என்னை முறைத்தாள். களைந்த தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள். "போங்க. போய்ச் சொல்லித் தொலைங்க. நான் சாமானக் கட்டுறேன்."

முதலாளியும் டொக்டரையாவும் கடையின் பின்கட்டில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"யாரு உடைச்சது? தேத்தண்ணி ஊத்தி ஊத்தி நீ பாத்து எடுத்த சட்டியெ நீயே உடைச்சியா? அதுக்கு நான் தேங்கா வாங்கிக் குடுத்தேனா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானுக!"

"தப்புதாங்க முதலாளி."

"தப்பா? வார்ப்பிரும்பு ரோலரும் எனாமலும் ஒண்ணா? பதினாறு வருசம் என்னத்தப் படிச்சே?"

டொக்டரையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "கோடு கண்ணுக்குத் தெரியுதா?"

"சாம்பல் போட்டுத் தேச்சா மங்கிருமுங்க."

"அப்ப தேச்சு வையி. அனுமதி வரட்டும். பிறகு வேற பாத்துக்குவோம்."

அவரா அப்படிச் சொல்கிறார் என்று நான் திகைத்துப் போனேன். அந்தத் தொழிற்சாலை அவருடைய வாழ்நாள் ஆசை. ஆசை யாரையும் சறுக்க வைக்கும், நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதலாளி தொழுகைக்கு எழுந்து போய்விட்டார். நான் சாம்பல் எடுத்துத் தேய்த்தேன். அந்தப் பாவத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும். கோடு மங்கித்தான் போனது.

புதன்கிழமை ஆபீசர் வந்தார். சிங்களவர், மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டோம், நிதானமான மனிதர். பாய்லரைப் பார்த்தார். வடிகட்டியைக் கழற்றச் சொல்லி மோந்து பார்த்தார். கிடாரத்துக்குள் டோர்ச் லைட் அடித்து, சுற்றிச் சுற்றி வந்தார். வெளிச்சம் அந்தக் கோடு இருந்த இடத்துக்கு வந்தது. ஒரு தரம் தாண்டியது. திரும்பவும் வந்து தாண்டியது. "ஹொந்தய்" என்றார். நல்லது என்று அர்த்தம். மேசையில் கடதாசியை வைத்துப் பேனா மூடியைத் திருகினார்.

நான் டொக்டரையாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடிக்கிறது. சொன்னால் என்னோடு போகாது, டொக்டரையாவின் தலையும் சேர்ந்து குனியும். சொல்லாவிட்டால், ஊர் ஊராகப் பிள்ளைகளின் வாயில் அந்தத் துரு போகும்.

"பொட்டக் இன்ன, மாத்தயா" என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுங்கள் என்கிறது சிங்களத்தில். முதலாளியின் குரல்.

பேனா நின்றது. முதலாளி என் பக்கம் திரும்பினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பாஸ், அந்தக் கோட்டக் காட்டு."

காட்டினேன். என் அரைகுறைச் சிங்களத்தில், பூசை போட்டதையும், இரண்டாவது அடியில் சத்தம் மாறியதையும், சாயம் ஊற்றியதையும், சாம்பல் தேய்த்ததையும் சொன்னேன். சாம்பல் தேய்க்கச் சொன்னது யார் என்று ஆபீசர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு கடதாசியில் நீளமாக எழுதினார். குடிக்கிற மருந்து எதையும் இந்தக் கிடாரத்தில் காய்ச்சக் கூடாது, தடவுகிற தைலம் மட்டும் செய்யலாம், வேறு கிடாரம் வைத்த பிறகு திரும்ப வந்து பார்ப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

டொக்டரையா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார். வயதான மனிதர் அழுவதைப் பார்க்கக் கூடாது. நான் வெளியே வந்துவிட்டேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தார்.

அறைக்குப் போனேன். சட்டி பானையெல்லாம் இரண்டு சாக்கில் கட்டியிருந்தது. பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். மனைவி அழவில்லை. "டயகமவுல எங்க அண்ணன் இருக்காரு. ஒரு வாரம் தாங்குவாரு" என்றாள். அதற்குப் பிறகு என்ன என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பொழுது சாய்கிற நேரம் வாசலில் செருப்புச் சத்தம். முதலாளி நின்றார். உள்ளே வரவில்லை. சாக்குகளைப் பார்த்தார்.

"எங்க பயணம்?"

"நீங்க போகச் சொல்லுவீங்கன்னு..."

"நான் சொன்னேனா?" குரல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. "போத்தல்ல ஒட்டப் போற லேபிள்ல என் கடைப் பேரு இருக்கு. அதுக்காகச் சொன்னேன், உனக்காக இல்ல. நீ செஞ்சது மடத்தனம். மறக்க மாட்டேன்."

"சரிங்க."

"நாளைக்குக் காலை ரயில்ல நீயும் டொக்டரையாவும் கொழும்புக்குப் போங்க. வேற ஒண்ணு பாத்து எடுங்க. இந்தத் தடவ நான் வர மாட்டேன். நான் வந்தா செம்பத்தான் பாப்பேன்."

போகத் திரும்பியவர் நின்று என் மனைவியைப் பார்த்தார். "தங்கச்சி, புள்ள ரொம்ப இருமுது. கடையில தேன் இருக்கு, ஆளனுப்பி வாங்கிக்கங்க."

அவர் தலை மறைந்ததும் நான் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைத் தேடினேன். அதையும் கட்டிவிட்டாள். வெறும் ஆணியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மனைவி ஒரு சாக்கின் வாயை மட்டும் அவிழ்த்து, மேலே இருந்த சோற்றுப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள். "மத்ததயும் அவுத்துரு புள்ள" என்றேன்.

"நீங்க மொதல்ல கிடாரத்தோட வாங்க" என்றாள்.