சேவலுக்குப் பின்னால் இருந்த ஸ்கோர்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டைப்பெட்டியின் மேல் சைஸும் கலரும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத நான், நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் கம்பெனியில் டீ நேரத்தில் பையன்கள் பேசிக்கொண்டது மனதில் கிடந்து உறுத்துகிறது. ஹாக்கி லீக்கை ஒரே ஒரு சேனலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். செல்போனில் பார்க்கக்கூடக் காசு கட்ட வேண்டுமாம். பகல் கொள்ளை என்றார்கள். நான் காசு கட்டித்தான் பார்க்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் கட்டுகிறேன் என்பதைச் சொல்ல எங்கள் மாமா ஆடிய ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எட்டு வீடு, ஒரு குழாய். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அம்மாவும் சித்தப்பாவும் ஒரே பனியன் கம்பெனி. சித்தப்பா ஓவர்லாக் டெய்லர். ஊரில் இருந்தவரை ஹாக்கி மட்டையைக் கீழே வைக்காதவர். எங்கள் ஊர்ப் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. அங்கே கிரிக்கெட் மட்டையோடு ஒரு பையன் தெருவில் போனால், யார் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறான் என்றுதான் கேட்பார்கள்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கோல் கீப்பர். அந்த வருஷம் லீக்கில் ஒரு அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் இரண்டாவது கீப்பராக. மற்றவர்கள் ஆடுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சீசன் முடிகிற நேரத்தில் முதல் கீப்பருக்குக் கைவிரல் ஒடிந்தது. தெருமுனை போன் பூத்துக்குத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா கோலில் நிற்கிறார், அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று.

அம்மா அவர் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊரில் மைதானத்துக் கரிசல் மண் ஒட்டிய துணியைத் துவைத்துக் கொடுத்தவள் அவள்தான். வயதுக்கு வந்த பெண்கள் மைதானத்தில் போய் நிற்கிற வழக்கம் அங்கே இல்லை. பதினெட்டு வயதில் கல்யாணம், உடனே திருப்பூர். லீக்கில் மாமா முழுதாக நின்ற ஆட்டம் கடைசியில் அந்த ஒன்றுதான். அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஆனால் அம்மாவுக்கு உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், அன்று சித்தப்பாவிடம், "எப்படியாவது காட்டிருங்க தம்பி" என்றாள்.

சிக்கல் இதுதான். லீக்கைக் காட்டும் உரிமை ஒரு சேனலுக்கு மட்டும். எங்கள் கேபிளில் அந்தச் சேனலுக்கு உரிய இடத்தில் எப்போதும் வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருக்கும். அரசாங்க டிவியில் போட மாட்டார்களா என்று அம்மா கேட்டாள்.

"முடியாது மதினி. எக்ஸ்போர்ட் பீஸ்ல லேபிள் வைக்கோம்லா? துணி நம்ம துணி, தையல் நம்ம தையல். ஆனா அந்த லேபிளோட ஒரு பீஸ் வெளிய போச்சுன்னா ஆர்டரே போச்சு. இதுவும் அப்படித்தான். ஆடுறது நம்ம மாப்பிள்ளை. லேபிள் அந்தச் சேனல்காரன்து" என்றார் சித்தப்பா.

அம்மா விடவில்லை. "பஜார்ல லேபிளை வெட்டிட்டு விக்காங்களே" என்றாள்.

சனிக்கிழமை வேலை விட்டதும் சித்தப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு கேபிள்காரரின் கடைக்குப் போனார். பிள்ளையோடு போனால் மனசு இரங்குவார்கள், நீ ஒன்றும் பேச வேண்டாம் என்றார். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

கேபிள்காரர் உள்ளூர் ஆள். திட்டினால்கூட மரியாதை குறையாமல் திட்டுவார் என்று பெயர். சித்தப்பா எடுத்த எடுப்பில் பெரிதாகத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, எங்க பக்கம் நாப்பது வீட்டுல ஹாக்கி கேக்காங்க."

"நாப்பது வீடுங்களா? உங்க லைன்ல எட்டு கனெக்சன்தானுங்களே இருக்குது. அதுலயும் ரெண்டு வீட்ல டிவி ரிப்பேருங்க."

"சுத்துவட்டாரத்தையும் சேத்துச் சொல்லுதேன்."

"ஏனுங்க, கிரிக்கெட்டுன்னா போன் அடிச்சு ஓயாதுங்க. ஹாக்கின்னு கேட்டு இந்தப் படி ஏறுன மொத ஆளு நீங்கதானுங்க. அந்தச் சேனலை எடுத்தா வருசம் பூரா எடுக்கோணும். ஒரு நாளைக்குன்னு கேட்டா சிரிப்பானுங்க."

சித்தப்பா தேசத்தின் மானத்தைப் பற்றிப் பேசினார். கேபிள்காரர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தேசத்தின் மேல் தனக்கும் பற்று உண்டு என்றார். பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் கண்ணு, உனக்கும் ஹாக்கின்னா அவ்வளவு உசுரா?"

இல்லை என்று தலையாட்டினேன். சித்தப்பா என் காலை மிதித்தார்.

"அப்பறம் எதுக்குச் சாமி வந்தே?"

"எங்க மாமா ஆடுதாங்க. அம்மாகூடப் பொறந்தவங்க. அம்மா பாத்ததே இல்ல."

அன்னியர் ஒருவரிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கேபிள்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? நாப்பது வீடு, தேசம்னு ஊரைச் சுத்திட்டு இருக்கறீங்க!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு கேபிள்காரர் இருந்தார். அவர் அந்தச் சேனலை எடுத்திருந்தார். இவருக்கும் அவருக்கும் எல்லைத் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை. ஞாயிறு காலையில் இவர் தானே ரோட்டைத் தாண்டிப் போனார். அங்கே என்ன பேசினார், எவ்வளவு இறங்கிப் பேசினார் என்று யாரும் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கறுப்பு ஒயர் ரோட்டுக்கு மேலே வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அது முறையா என்று கேட்டால் முறையில்லைதான். விளக்கு போட்டு, காமிரா வைத்து, ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிப் போய் அந்த ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்தச் சேனல். அவர்கள் பணத்தைக் கொட்டியிருக்காவிட்டால் யாரோ ஒரு இரண்டாவது கீப்பரை எந்த அரசாங்க டிவி காட்டியிருக்கும்? இன்றைக்கு நான் காசு கட்டுவதற்கு அதுதான் காரணம். அன்றைக்குக் கட்டாமல் பார்த்தவர்கள் நாங்கள். அந்த இரண்டு கேபிள்காரர்களையும் இன்றைக்கும் மனதில் கும்பிடுகிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்று தெரிகிறது. எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

எங்கள் கேபிள்காரர் ஒரே ஒரு முன்யோசனை செய்திருந்தார். சேனலின் ஏஜென்ட் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். திருட்டு ஒயர் என்று பிடித்துவிடுவாரே என்று, திரையின் மூலையில் வரும் சேனல் பெயரின் மேல், கடை மெஷினிலிருந்தே ஒரு விளம்பரப் படத்தை ஒட்டிவிட்டார். அவரிடம் தயாராக இருந்தது அவர் மச்சினனின் கோழிக்கடை விளம்பரம். பெரிய சிவப்புக் கொண்டைச் சேவல். ஆட்டம் தொடங்கும்போதே இடது மூலையில் அது நெஞ்சை நிமிர்த்தி நின்றது. லேபிளை வெட்டியாகிவிட்டது என்று சித்தப்பா கைதட்டினார்.

முதல் கோல் விழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்கோரும் அதே மூலையில்தான் வரும். அது சேவலுக்குப் பின்னால் இருந்தது.

சித்தப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஸ்கோர் இல்லாத ஆட்டம் உப்பில்லாத சோறு என்றார். அந்தச் சேவலைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். கடையில் ஆள் இல்லை. கேபிள்காரர் காதுகுத்து விருந்துக்குப் போயிருந்தார். சித்தப்பா விருந்து வீட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அறையில் பதினைந்து பேர் இருந்தோம். ஹாக்கி தெரிந்த ஒரே மனிதர் வெளியே போய்விட்டார். அம்மா டிவிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கம்பி மூஞ்சி போட்டு நிக்கிறவருதான் உங்க தம்பியாக்கா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

"ஆமா. மொகம்தான் தெரியல."

"பந்து பூராம் அவருகிட்டயே வருதே! நல்லா ஆடுறாரு போல."

கோல் கீப்பரிடமே பந்து வந்துகொண்டிருந்தால் அணி மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். பந்து வலைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு முகம் எரிந்தது. போதாததற்கு ஒவ்வொரு கோலையும் மூன்று முறை திருப்பிக் காட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு அது திருப்பிக் காட்டுவது என்று தெரியவில்லை. "ஐயோ, மறுபடியும் போட்டுட்டான்!" என்று ஒவ்வொரு முறையும் உச்சுக் கொட்டினார்கள். அம்மாவின் கண் திரையைவிட்டு நகரவில்லை. கை மட்டும் மடியில் அசைந்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கும்மாளம் போட்டார்கள். காமிரா அவர்களோடு ஓடியது. மாமா தலைக்கவசத்தைக் கழற்றினாரா இல்லையா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் யாரும் காட்டவில்லை. பற்பசை விளம்பரம் வந்தது. அப்போது சேவல் மூலையை விட்டு மெல்லக் கீழே இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வியர்வையோடு ஓடி வந்தார்.

"எறக்கியாச்சு! எவ்வளவு? எத்தனை கோலு?"

"எட்டு" என்றார் ஒருவர். "பத்து இருக்கும்" என்றார் இன்னொருவர். ஒன்றைச் செல்லாது என்றுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அஞ்சு உள்ள போச்சு" என்றாள் அம்மா. "திருப்பிக் காட்டினதைச் சேக்கல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தடுத்தது பத்தொம்பது. கால்ல பன்னெண்டு, கையில அஞ்சு, மட்டையில ரெண்டு."

அம்மாவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒவ்வொரு பீஸாக விரித்துப் பார்த்து, ஓட்டை ஒரு பக்கம், கறை ஒரு பக்கம், தையல் விட்டது ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே, பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே, சாயங்காலம் கணக்குப் பிசகாமல் சொல்வாள். ஆனால் பீஸைத் தவிர வேறொன்றை அவள் அப்படி எண்ணி நான் பார்த்ததில்லை.

"கால்ல பன்னெண்டா?" சித்தப்பா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்படி மதினி? எந்தக் காலு?"

அம்மா எழுந்தாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இத்தனை பேருக்கு நடுவில், இடது காலை நீட்டிச் சரிந்து காட்டினாள். "முத ரெண்டும் இப்படி. மூணாவது படுத்துட்டான்." ஓரமாக இருந்த தண்ணீர்ச் சொம்பு அவள் கால் பட்டு உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை. "அடுத்தது?" என்றார் சித்தப்பா. "அடுத்தது கையில. இங்க, காதுகிட்ட." அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாக நின்று காட்டினாள். நடுநடுவே, "உள்ள போனது" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பதாவது முடிந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்படிச் சிரித்த முகத்தோடு அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா தோற்றுவிட்டார், ஐந்து கோல் வாங்கிவிட்டார், அவர் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. முடிந்துபோன ஆட்டத்தை இவர்கள் இருவரும் எதற்கு மறுபடியும் முதலிலிருந்து ஆடுகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கேபிள்காரரின் ஆள் ஏணியோடு வந்து ரோட்டுக்கு மேல் கிடந்த ஒயரை அவிழ்த்துக்கொண்டு போனார். அம்மா எட்டரை மணிக்குக் கம்பெனிக்குப் போனாள். மாமாவிடமிருந்து போன் வரவில்லை.