வயிறு ஒட்டிப்போன தண்ணீர் டிரம்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், செய்த வேலையில் குறை என்று ஒரு சொல் கேட்டதில்லை, எங்கள் ஊர் அசனத்துத் தண்ணீர் ஒன்றைத் தவிர.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களது. வருஷத்தில் ஒரு நாள் எங்கள் சர்ச்சான வேதக்கோயில் பந்தலில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் அசனம். அதில் குடிதண்ணீர் என் பொறுப்பு. அண்டாவில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை தண்ணீரில் ஈ மிதந்துவிட, ஊர் அதையே ஒரு மாதம் பேசியது. எனக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் பெரிய பிளாஸ்டிக் டிரம் வாங்கச் சொன்னேன். உள்ளூர் பிளம்பர் அதில் குழாய் மாட்டிக் கொடுத்தார். கழுத்து வரைக்கும் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுகத் திருகி, மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி, டேப்பால் பத்துச் சுற்று சுற்றினேன். ஈ என்ன, எறும்பு விட்ட மூச்சுகூட உள்ளே போகாது.

முதல் பந்தி உட்கார்ந்தது. நாலைந்து செம்பு நிறைந்ததும் குழாய் களுக் களுக்கென்று விக்கி நின்றுவிட்டது. கறிக்குழம்போ நல்ல காரம். "தண்ணி, தண்ணி" என்று ஒரே சத்தம். டிரம்மைப் பார்த்தால், மூன்று நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி வயிறு ஒட்டிப்போய் நிற்கிறது.

பந்தியில் இருந்த பிளம்பரைப் பார்த்து, "ஏலே, இதுக்குப் பேரு குழாயா? வெளங்காத பயலே, டிரம்மையும்லா கெடுத்துட்டே!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டேன். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அசனத்தில் பாதியில் ஒருவர் எழுந்து போவதாவது! பந்தி மொத்தமும் என்னைத்தான் பார்த்தது.

அப்போது, யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்திருந்த தச்சநல்லூர் எண்ணெய்க் கடை அண்ணாச்சி ஒருவர் விக்கிக்கொண்டே வந்தார். வலது கையெல்லாம் குழம்பு. இடது கையால் டிரம்மைத் தட்டினார்.

"ஆச்சி, எண்ணெய் டின்னுக்கு எத்தன ஓட்டை போடுவீய?"

"ரெண்டு. ஒண்ணு ஊத்த, ஒண்ணு காத்துக்கு. இது தெரியாமலா இத்தன வருசம் சமைக்கேன்?"

"அப்போ இந்த டிரம் மட்டும் என்ன பாவம் செஞ்சுது? வெளிய உள்ள காத்து சுத்தி நின்னு அமுக்குது. உள்ள போக வழி விடல. தண்ணி எப்படி இறங்கும்?"

டேப்பைக் கிழித்து, மூடியைப் பைய ஒரு திருகு திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. 'டப்'பென்று டிரம்முக்கு வயிறு வந்தது. நான் மூடாமல் விட்டிருந்த குழாய் சீறியதில் என் சேலை முழுக்க நனைந்தது. பந்தியே கைதட்டியது.

ஈரச் சேலையோடு தெருவுக்கு ஓடினேன். பிளம்பர் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எய்யா, உன் குழாய் நல்ல குழாய்தான். நான் போட்ட கட்டுதான் தப்பு. வந்து சாப்பிடுய்யா."

"ஊர் கேக்கத்தான திட்டுனீய ஆச்சி? அதையும் ஊர் கேக்கச் சொல்லுங்க."

பந்தலின் நடுவில் நின்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம். பிளம்பர் மூன்று தரம் கறி வாங்கிச் சாப்பிட்டார். மூன்று தரமும் என்னையே தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

இப்போதெல்லாம் யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால், நான் எதையாவது இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேனா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.

ஏட்டி, பேத்தியாச்சேன்னுதான் உன்ன எழுதச் சொன்னேன்; நான் சொன்னதைச் சொன்னபடிதான் எழுதியிருக்கியா? எங்க, ஒருக்கா வாசி, கேப்போம்.