மாசிப் பூவுக்கு வைத்திருந்த மகரந்தம்

இத்தலாரில் அண்ணன் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்தான் இருக்கும். "மீன் வெக்கறதுக்கு எடமில்ல, பூவுக்கு எடமிருக்குது இந்த ஊட்டுல" என்று அண்ணன் முணுமுணுப்பார். அண்ணி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிடுவார்.

அண்ணி தேயிலை ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் புது ரகங்களை உருவாக்கும் வேலையில் இருந்தவர். தேவாலாவில் ஒரு சரிவில் நின்ற பழைய செடியின் மேல் அவருக்குத் தீராத ஆசை. எவ்வளவு மழை அடித்தாலும் அதன் இலையில் கொப்புள நோய் வராது. ஒடித்து நட்ட கிளைகள் எதுவும் வேர்பிடிக்கவில்லை. பண்ணையில் பனியைத் தாங்கி வளர்ந்த இன்னொரு செடியோடு அதைச் சேர்க்க நினைத்தார். ஆனால் தேவாலாச் செடி ஐப்பசியில் பூத்துக் கொட்டிவிடும். பண்ணைச் செடி மாசியில்தான் மொட்டவிழும். அதுவரை மகரந்தம் உயிரோடு இருக்க வேண்டும். அப்படியே குளிரில் வைத்தால் ஈரத்தால் செத்தது. வெயிலில் காயவைத்தாலும் செத்தது. பல வருடம் தோற்ற பிறகு, பிஸ்கட் ஜாடியின் அடியில் உப்புக் கரைசலை ஊற்றி, மேலே வலைத்தட்டில் மகரந்தத்தைப் பரப்பி, ஈரத்தை மெல்ல மெல்ல இறக்கும் வழியைக் கண்டுபிடித்தார். குளிரிலிருந்து எடுத்த துகள் ஒன்றிலிருந்து மெல்லிய குழாய் நீள்வதை நுண்ணோக்கியில் பார்த்த அன்று, என்னையும் இழுத்துப்போய்க் காட்டினார். "பாரு அம்மிணி, மூச்சு உடுது."

கடைசி ஐப்பசியில் மகரந்தம் எடுக்கப் போகும்போதே அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. கார்த்திகை மழையில் அந்தச் சரிவு இடிந்து, செடியும் மண்ணோடு போயிற்று. மறைக்கப் பார்த்தோம், எப்படியோ தெரிந்துவிட்டது. அண்ணி அழவில்லை. "குப்பியில இருக்குதுல்ல" என்றார். தையில் இறந்துபோனார்.

மாசியில் பண்ணைச் செடி பூத்தது. அண்ணியோடு வேலை பார்த்த பெண் குப்பியைக் கேட்டு வந்தாள். அண்ணன் கொடுக்கவில்லை.

"அவ கையில மூடுனதுங்க. தெறந்துட்டா அப்பறம் எனக்கு என்ன இருக்குது?"

அந்தப் பெண் விடவில்லை. "தெறக்காட்டி அதும் செத்துப் போயிருமுங்க சார். அக்கா காத்துட்டிருந்தது இந்தப் பூவுக்குத்தானுங்க."

அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் குப்பியை வைத்து அவரே பண்ணைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் தூரிகையை எடுத்ததும், "நா வெக்கலாமுங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கூடலூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டிப் பழகிய கை, ஒவ்வொரு பூவாக மெல்லத் தொட்டு மகரந்தத்தை வைத்தது.

பெரும்பாலான பூக்கள் உதிர்ந்தன. சில காய்த்தன. விதைகளில் முளைத்தது ஒன்றே ஒன்று. மூன்று வருடம் கழித்து, இந்த ஆடி மழையில் பக்கத்துக் கன்றுகளெல்லாம் கொப்புளம் கண்டு கருகியபோது, அது மட்டும் மாசில்லாமல் நின்றது. அண்ணனை அழைத்துப்போய்க் காட்டினோம். குனிந்து ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். மகிழ்வார் என்று நினைத்திருந்தேன்.

"இதப் பாக்க வேண்டியவ போயிட்டா. நா எதுக்கம்மிணி நிக்கறேன்?"

மழை வலுத்த பிறகும் அவரை அங்கிருந்து கிளப்ப எங்களால் முடியவில்லை.