மண்டபத்திலிருந்து அரை மணித்தியாலம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். கிழமைதோறும் இந்த இடத்தில் உங்களோடு எதையெதையோ கதைக்கிறேன்... இதை மட்டும் தள்ளிவைத்தபடியே வந்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "இந்தியா இஞ்சயிருந்து கிட்டத்தானே?"

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சண்டை முடிந்தபின், இந்தியாக் கரையிலுள்ள மண்டபம் அகதி முகாமிலிருந்து அப்பாவும் நானும் மனைவியும் மன்னாரில் எங்கள் ஊரான பேசாலைக்குத் திரும்பினோம். தம்பி அங்கே கல்யாணம் கட்டியவன், நின்றுவிட்டான். "கெதியா வாறன் அப்பா" என்றான்.

அவன் வருமுன் அப்பா கண் மூடினார். ஆண்டவர் நோகாமல் எடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். சவப்பெட்டி மூடுமுன் பிள்ளைகள் மூத்தவரில் தொடங்கி, செத்தவரின் நெற்றியில் விரலால் சிலுவை போடுவோம். கடைசிப் பிள்ளை போட்டபிறகுதான் மூடி. அப்பாவுக்குக் கடைசிப் பிள்ளை தம்பி.

"அவர் வர எவ்வளவு நேரம் செல்லும்?" என்று ஃபாதர் கேட்டார். மனைவி போனில் தட்டிப் பார்த்தாள். மண்டபத்துக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் ஒரு விமானத் தளம், மன்னாரில் ஒன்று. இடையிலுள்ள தூரம், பறக்கும் நேரம் எல்லாம் வந்தது. அரை மணித்தியாலம்கூட இல்லை!

"இஞ்சாருங்கோ, நீங்கள் குளிச்சு வெளிக்கிட முதல் ஆள் வந்து இறங்கிடும்" என்றாள். செத்தவீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? ஒரே இரவில் படகில் அக்கரை போனவர்கள் நாங்கள். கடல்காரர் தூரத்தைத்தான் கேட்போம். வழி இருக்கிறதா என்று கேட்டுப் பழக்கமில்லை. கடலில் எல்லாப் பக்கமும் வழிதானே...

அடுத்த நாள் பின்னேரம் அடக்கம் என்று ஊருக்கு அறிவித்தாயிற்று. அதன்பிறகே தம்பி போனில் கிடைத்தான்.

"உச்சிப்புளியில ஏறு. அரை மணித்தியாலமாம்."

"அண்ணை, அது படைக்காரரின்ர இடம். சனம் ஏறுற பிளேன் அங்க இல்லை."

"அப்ப எப்பிடி வருவாய்?"

"முகாமில விடோணும். பிறகு சென்னைக்குப் போய், கொழும்பில இறங்கி, பஸ் பிடிச்சு... விட்டால்தானே அண்ணை."

ஃபாதர் இன்னும் ஒரு நாள் தந்தார். தம்பி வெளியே போக அனுமதி கேட்டு, முகாம் அதிகாரியின் கந்தோர் வாசலிலேயே இருந்தான். உள்ளே இருந்து பதில் வரவில்லை. அதற்குமேல் உடலை வைத்திருக்க முடியாது.

பெட்டி மூடும் நேரம் போனை அப்பாவின் காதோடு பிடித்தேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, என்ர சிலுவையை நீ போடு. ஆறுதலாப் போடு."

போட்டேன். முதலில் என்னுடையது. பிறகு அவனுடையது. என் விரல்தான்... ஆனாலும் இரண்டாவது சிலுவை போடும்போது நெற்றி முதலைவிடக் குளிர்ந்திருந்தது போல இருந்தது.

மூடினார்கள்.

வாசிக்கிற உறவுகளே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அழுவார்கள் என்று இரக்கப்பட்டு, தம்பி கடைசி நேரத்தில் ஓடிவந்து சேர்ந்தான் என்று மாற்றிவிடாதீர்கள் — அவன் வரவில்லை.