ஒரு காட் குறைவு

பேனாட் அண்ணை சனிக்கிழமை காலையில் என் அறைக் கதவைத் தட்டும்போது, எழும்பிவிட்டாயா என்று கேட்கமாட்டார். "தம்பி, கார் ஸ்ராட்டிலை நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விடுவார். மொன்றியலுக்குப் பக்கத்தில், டொலார்ட்டில் அவருடைய வீட்டுப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறவன் நான். அவருடைய மனைவி றோசலின் அக்காவின் சமையலை மூன்று நேரமும் சாப்பிட்டுக்கொண்டு, வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் ஏது?

எனக்கு ஒரு பெருமை உண்டு, அதை நான் மறைப்பதில்லை. மாங்குளத்துக்கு உள்ளே, பஸ் போகாத ஒரு கிராமத்திலிருந்து, எங்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். இரசாயனவியலில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கென்று மொன்றியலுக்கு வந்தேன். அப்படி வந்தவன் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை, முன்பின் தெரியாதவர்களின் வீட்டு வாசல்களில் குந்தியிருந்து, அவர்கள் வேண்டாமென்று வெளியே வைத்த பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். "படிப்பு எப்பிடிப் போகுது ராசா" என்று அம்மா போனில் கேட்பார். நகத்துக்குள் தூசியோடு, நல்லாப் போகுது என்பேன்.

அண்ணைக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. குருநகர் ஆள். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஐந்து நாளும் ஊராரின் பெட்டிகளைத் திறக்காமல் தூக்குகிற மனுசன், ஆறாம் நாள் ஊராரின் பெட்டிகளைத் திறக்காமல் விடமாட்டார் என்பது அக்காவின் பகிடி. அவர் தேடுவது ஐஸ் ஹொக்கிக் காட்டுகள். முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் அவருடைய கதை. அந்தக் காலத்தில் சுவிங்கத்தோடு சேர்த்து விற்ற, உள்ளங்கை அளவு மட்டைகள்.

தேடுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. தெருவோரத்தில், வீட்டுப் பழஞ்சாமான் விற்கிறோம் என்கிற "கராஜ் சேல்" மட்டையைக் கண்டால் காரை நிறுத்த இடம் பார்க்கமாட்டார். மெதுவாக்குவார், நான் குதிக்க வேண்டும். அவர் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நான் போய் ஹொக்கிப் பெட்டிமேல் கைவைத்து நிற்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியே இருக்காது. குழந்தைப்பிள்ளையின் சட்டைகள், ஓடாத ஓட்ட மெஷின், ஒரு கால் இல்லாத மேசை. வீட்டுக்காரரிடம் கேட்டால் எல்லா வாசலிலும் ஒரே பதில்: இருந்தது, அம்மா எறிந்துவிட்டார். இந்த நாட்டுத் தாய்மார் எல்லோரும் கூட்டம் போட்டு ஒரே நாளில் எறிந்தார்களோ என்று எனக்கு எரிச்சல் வரும். இல்லாவிட்டால் சிவப்பு வான் வைத்திருக்கும் ஒரு தாடிக்காரர் எங்களுக்கு முன்னமே வந்து அள்ளிக்கொண்டு போகிறபோது, "அங்கை ஒண்டுமில்லை, நண்பரே" என்று பிரெஞ்சில் சொல்லிக் கையாட்டுவார்.

அண்ணைக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில். வேர்டனில் ஒரு பனிச்சறுக்கு மைதானத்தில் இருக்கைகளுக்குக் கீழே கூட்டுகிற வேலை. கேட்பாரில்லாத பொருட்களைப் போட்டுவைக்கும் அறையில் ஒரு சப்பாத்துப் பெட்டி கிடந்தது. முதலாளி குப்பையில் போடச் சொன்னார். திறந்து பார்த்தால், தலைக்கவசமும் இல்லை, முன்பல்லும் இல்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டிருக்கும் முகங்கள். அண்ணை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காட்டுகளின் பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததால், அதை வைத்துத்தான் பிரெஞ்சு படித்தார். ஒருதடவை வைத்தியர் எந்தப் பக்கம் நோகிறது என்று கேட்க, காட்டில் படித்த மாதிரியே "இடப்பக்கத்தால் அடிப்பவர்" என்று பிரெஞ்சில் பதில் சொன்னாராம். வைத்தியர் எந்த அணிக்கு என்று கேட்டாராம்.

அந்தப் பெட்டியில் இருந்தது எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு செற்றின், அந்த வருடத்து முழுத் தொகுதியின், பாதி. மிச்சப் பாதியை அவர் வாசல் வாசலாகத் தேடிச் சேர்த்தார். பேர்போனவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வராமல் நின்றவர் ஒரே ஒருவர்: காயம்பட்டவருக்குப் பதிலாகச் சில ஆட்டங்கள் மட்டும் இறங்கிய, யாருக்குமே நினைவில்லாத ஒரு கோல்கீப்பர்.

அதை இணையத்தில் விற்கிறார்கள். நான் போனில் எடுத்துக் காட்டினேன். இதை ஒருக்கால் அமத்தினால் வியாழக்கிழமை வீட்டு வாசலுக்கு வரும், ஏன் இந்த அலைச்சல் என்று கேட்டேன். அண்ணை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாடியைத் தடவினார்.

"மிச்சமெல்லாம் நான் தேடிப் பிடிச்சது, தம்பி. கடைசி ஒண்டை மட்டும் தபால்காரன் கொண்டந்து தந்தா, பேந்து அது ஆற்றை செற்?"

இந்தப் பிடிவாதம் ஒருபக்கம், அவருக்கு ஒரு ஆசையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். முழுச் செற் உள்ளவர்களுக்குத்தான் மேசை. தலைவர் லாவுவா என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனுசன்தான், ஆனால் விதி என்றால் விதி. ஒவ்வொரு வருடமும் அண்ணையின் தோளில் தட்டி, முழுசாகட்டும் பேனாட், உனக்கு வாசலுக்கு நேரே மேசை தருவேன் என்பார். அண்ணையோ மற்றவர்களின் மேசைகளைத் தூக்கி விரித்துக் கொடுத்து, அக்கா சுட்ட றோல்ஸைப் பரிமாறிவிட்டு வருவார். அங்கே அவருக்குப் பெயர் "றோல்ஸ் பேனாட்". அதைச் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் அந்தப் பெயர் போகவேண்டும் என்பதற்காகத்தான் சனிக்கிழமைகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும்.

போன ஓகஸ்ட் கடைசியில் அது கிடைத்தது. புவன்ற்-கிளேரில் ஒரு வயதான அம்மா வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகிறார். வாசலில் ஹொக்கிச் சாமான் ஒன்றுமே இல்லை. நான் காருக்குத் திரும்பிவிட்டேன். அண்ணை வழக்கம்போல் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினார். சூப் வைக்கிற ஒரு சமையல் புத்தகத்துக்குள்ளிருந்து, பக்க அடையாளத்துக்குச் செருகியிருந்த மட்டை ஒன்று புல்லில் விழுந்தது. அவர் குனியவில்லை. முழங்காலில் இருந்துவிட்டார். நெஞ்சுவலியாக்கும் என்று நான் ஓடினேன். இத்தனை வருடம் அழுத்தத்தில் இருந்ததால் நான்கு மூலையும் கத்திபோல் கிடந்தது. அந்தக் கோல்கீப்பர் எங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அண்ணை நாற்பதிலேயே ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அன்றைக்கென்று பார்த்து விமான நிலையத்தில் ஆள் குறைவென்று அவரை மேலதிக வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் காட்டை அக்காவின் கையில் கொடுத்தார். "றோசி, இதைப் பவுத்திரமா வை. இது போனா எனக்கு இனிக் கிடையாது." ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியிருந்ததால் நானும் அவருடைய காரிலேயே ஏறிக்கொண்டேன்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கார்டெறியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிறவர். சண்டைக்குப் பயந்து வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் கிளம்பிய அந்த மழை நாளில் அவரும் நடந்தவர். சேர்ட்டிபிக்கேற்றுகளை ஒரு சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தபோது எழுத்தெல்லாம் நீலத் தண்ணியாகப் போயிருந்தது. அவருடைய தம்பியின் பிறப்புப் பத்திரம் மட்டும் தப்பியது, அது லமினேற் பண்ணியிருந்தது. பிறகு தான் பிறந்தவள்தான் என்று கொழும்பிலும் கனடாவிலும் மேசைக்கு மேசை நிரூபிக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த வீட்டில் பெறுமதியானது எதுவோ அது பிளாஸ்ரிக்குக்குள் இருக்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரம், வீட்டு உறுதி, அந்தோனியார் படம், எல்லாம். ஒருநாள் என் பட்டச் சான்றிதழையும் வாங்கி லமினேற் பண்ணித் தந்தார். எனக்கு அன்றைக்கு மரியாதை செய்ததுபோல் இருந்தது. அந்த லமினேற் மெஷினை ஒரு கராஜ் சேலில் கண்டெடுத்து அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததும் பேனாட் அண்ணைதான்.

நாங்கள் திரும்பி வந்தபோது காட் சாப்பாட்டு மேசையில், சுத்தமான துணி ஒன்றின்மேல், பளபளவென்று இருந்தது. சுற்றிவர விரல் அகலத்துக்குக் கண்ணாடி விளிம்பு. பிளாஸ்ரிக்கின் மூலைகளைக் கையில் குத்தாமல் அக்கா வட்டமாக வெட்டியும் இருந்தார்.

"இனித் தண்ணிக்கை போட்டாலும் ஒண்டும் ஆகாது," என்றார் அக்கா.

அண்ணை அதை எடுத்தார். ஒருபக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக் மட்டையின் மேல்தோலோடுதான் கழலும். அப்படிச் செய்த காட்டை எந்தச் சேகரிப்பாளரும் காட்டாக எண்ணமாட்டார். அது அண்ணைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"வடிவா இருக்கு," என்றார்.

பிறகு கீழே என் அறைக்கு வந்து, கட்டிலில் இருந்து, "நீ கெமிஸ்ட்ரிதானே படிச்சனீ" என்றார். ஒரு வாரமாகத் தேடிப் படித்தேன். அவரிடம் இரட்டிப்பாக இருந்த காட் ஒன்றை அதே மெஷினில் போட்டு, குளிரில் வைத்துப் பார்த்தேன், சூடாக்கிப் பார்த்தேன், ஒன்றிரண்டு கரைப்பான்களையும் பூசிப் பார்த்தேன். மை கரைந்தது. பிளாஸ்ரிக் கரையவில்லை. எங்கள் பரம்பரையின் முதல் பட்டதாரிக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது.

ஆத்திரத்தில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லாமல் எப்படி ஒக்ரோபரைத் தாண்டுவீர்கள்? அதற்கு அண்ணை, நீ வாய் திறந்தால் வேறை பேஸ்மென்ற் பார் என்றார். பகிடிக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

ஒக்ரோபரில் கண்காட்சிக்கு அக்கா வாடாமல்லி நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். மேசைக்கு விரிக்க வெள்ளை விரிப்பொன்று தைத்திருந்தார். அண்ணை காட்டுகள் அடுக்கிய அல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். நான் விரிப்போடு பின்னால் போனேன். அவர் மனதில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவேயில்லை. லாவுவா இரக்கப்படுவார் என்று நினைத்திருப்பார் போல.

லாவுவா பக்கம் பக்கமாகப் புரட்டினார். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிரெஞ்சில், மிக மெதுவாகச் சொன்னார்: "பேனாட், பிளாஸ்ரிக்குக்குள் போய்விட்டால் இது காட் இல்லை, காட்டின் படம். ஏன் இப்படிச் செய்தாய்? இது தெரியாதவனா நீ?"

சின்னப்பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பிரெஞ்சு கதைக்கிறவர் அக்கா. ஒரு சொல்லும் தவறாமல் அவருக்கு விளங்கியது.

"கைப்பிழை," என்றார் அண்ணை லாவுவாவிடம். "என்ரை கைப்பிழைதான்."

அக்கா என் கையிலிருந்த விரிப்பை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நாங்கள் கார் நிற்குமிடத்துக்குப் போனபோது சேலைக்கு மேலே குளிர் அங்கியைக்கூடப் போடாமல் நின்றார்.

"ரெண்டு மாசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்ய? பவுத்திரமா வை எண்டு தந்தவன் நான். நீ வைச்சனீ."

"நாசமாக்கினது நான், நீங்கள் வந்து அந்தாளிட்டைப் பேச்சு வாங்குறியள். என்னை என்ன, கண்ணாடிப் பொம்மை எண்டு நினைச்சியளோ?"

"நீ அழுவாயெண்டுதான்..."

"இப்ப மட்டும் சிரிச்சுக்கொண்டோ நிக்கிறன்?"

அண்ணை கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மூக்கைத் துடைத்தார். அந்தக் கோல்கீப்பருக்கு என்ன பெயர், என்ன நிற உடுப்பு, எந்த அணி என்று கேட்டார். அண்ணை சொன்னார். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார், அண்ணை சொன்னார்.

"நாளைக்கு எங்கை இருக்கு?"

"ஒக்ரோபரிலை ஆரப்பா கராஜ் சேல் வைப்பினம்? லஷீனிலை பழஞ்சாமான் விக்கிற ஒரு சேர்ச் பசார் இருக்கு. ஆனா நாளைக்குப் பூசை..."

"ஆறு மணிப் பூசைக்குப் போவம்."

லஷீனில் அக்கா வரிசையில் முன்னுக்குப் போய் நின்றார். தாடிக்காரர் குறுக்கே வரப் பார்த்தார். கார்டெறியில் தள்ளுப்படுகிற பிள்ளையிடம் சொல்கிற அதே குரலில் அக்கா, வரிசை பின்னாலே இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னார். மனுசன் போய்விட்டார். உள்ளே அக்கா புத்தக மேசையில் இருந்த அத்தனை புத்தகங்களையும் உதறினார். ரயில் ரிக்கற், காய்ந்த இலை, யாரோ யாருக்கோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, இவைதான் விழுந்தன. அண்ணை மற்றப் பக்கத்தில் பெட்டிகளுக்குள் தலையை விட்டிருந்தார். மேசைக்குப் பொறுப்பான அம்மா என்ன தேடுகிறீர்கள் என்று கேட்க, அண்ணை வாய் திறக்குமுன் அக்கா சொல்லத் தொடங்கினார். கோல்கீப்பர், பச்சை உடுப்பு, எங்களைப் பார்க்காமல் அங்காலை பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது, என் அம்மா எறிந்துவிட்டார்.

திரும்பும்போது, வேர்டனில் இன்னொரு பசார் இருக்கிறது என்று முன்சீற்றில் அக்கா போனில் தேடிக்கொண்டிருந்தார். அது ரெண்டு மணியோடு முடியும் என்றார் அண்ணை. அப்ப எதுக்கு நாற்பதிலை ஓட்டுறியள் என்றார் அக்கா. திங்கட்கிழமை நான் கொடுக்க வேண்டிய கட்டுரையில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.