எறையூருக்கு வந்த கப்பல் குரல்

கரும்புச் சாறு கொதிக்கும் வாடை தெருத்தெருவாக நிறைந்து, துணியிலும் தலைமுடியிலும்கூட ஒட்டிக்கொள்ளும் அரவைக் காலத்தில்தான் அப்பாவின் கப்பலிலிருந்து தகவல் நின்றுபோனது. எறையூரில் எல்லாரும் சர்க்கரை ஆலையையும் கரும்புக் காட்டையும் நம்பியிருக்க, அப்பா மட்டும் ஒரு சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதனால் எங்கள் வீட்டுக்கே 'கப்பக்காரவூடு' என்று பெயர். ஆனால் அம்மாவும் நானும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

லட்சத்தீவுக்கு அப்பால் புயலில் சிக்கிய கப்பலின் சாட்டிலைட் போன் முந்தைய நாளிலிருந்தே எடுக்கப்படவில்லை என்று கப்பல் கம்பெனி ஏஜெண்டு எஸ்.டி.டி. பூத்துக்குச் சொல்லியனுப்பியதும், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது ஆலைக் குடியிருப்பிலிருந்த கலை அத்தை வீட்டுக்கு. ஆலையில் மின் பொறியாளரான கலையத்தை, சொந்தமில்லை என்றாலும் அம்மாவை அண்ணி என்றுதான் அழைப்பார். உரிமம் வாங்கி, மொட்டைமாடியில் நீளமாகக் கம்பி கட்டி, எங்கெங்கோ இருப்பவர்களோடு எச்.எஃப். ரேடியோவில் பேசுவார். தெருப் பிள்ளைகள் நாங்கள் அதை 'இரையுற பெட்டி' என்போம். கோபுரமோ செயற்கைக்கோளோ அதற்கு வேண்டாம். அலை மேலே போய், வானத்தில் பட்டுத் திரும்பி, எட்டாத தூரத்தில் இறங்கும்.

கலையத்தை குமிழைத் திருப்பித் திருப்பித் தேடினார். பொழுது சாயும் நேரத்தில், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் எழும்பியது. அப்பாவுடைய கப்பலின் பெயரைச் சொன்னது. கப்பல் சாய்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்றது. கலையத்தை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். கொச்சியிலிருந்த அவருடைய ரேடியோ நண்பருக்குப் போன் போட்டால், அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"கிட்ட இருக்கறவங்கள அலை தாண்டிரும் அண்ணி. நம்ம ஊருலதான் வந்து வுழுது."

"அவரு உசுரோட இருக்காரான்னு ஒரு வார்த்த கேளும்மா."

"இப்ப கேக்கக் கூடாது அண்ணி. பேட்டரி எப்ப போகும்னு தெரியல. கப்பல் எங்க நிக்குதுன்னு முழுசா வாங்கணும். அதுலதான் எல்லாரு உசுரும் இருக்கு."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். அந்த ஒரு கேள்வியை விழுங்க அவர் பட்ட பாட்டை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. கப்பல் நிற்கும் இடத்தை அந்தக் குரல் சொல்ல, கலையத்தை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, கொச்சி நண்பர் வழியாகக் கடலோரக் காவல் படைக்குச் சேர்த்தார். பிறகு குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது. வெறும் இரைச்சல். கலையத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், பதில் இல்லை. அப்பா இருந்த தண்ணீர் அந்தப் பெட்டிக்குள்ளேயே இரைவதாக எனக்குத் தோன்றியது. காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம்தான் பூத்திலிருந்து ஆள் வந்தது. காவல் படை சொன்னதைக் கேட்டு, அந்தப் பக்கமாகப் போன வேறொரு கப்பல் படகில் மிதந்தவர்களை ஏற்றிக்கொண்டது. அப்பா பிழைத்திருந்தார். ஊர் திரும்பியவர் முதலில் கலையத்தை வீட்டுக்குப் போய், நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"பேசுனது எங்க செகண்ட் ஆபீசருங்க. எல்லாரும் போட்டுல எறங்கிட்டோம். எங்க நிக்கிறோம்னு இன்னொரு தடவ சொல்லிட்டு வரேன்னு உள்ள நின்னாரு. வரவே இல்லீங்க."

பின்னாளில் கலையத்தை மாற்றலாகிப் போனார். அந்தப் பழைய குடியிருப்பு இடிக்கப்பட்டுவிட்டது. எஸ்.டி.டி. பூத்தும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தப் புயலுக்கு அப்புறம் பிறந்த என் தம்பி இப்போது கப்பலில் இருக்கிறான். நடுக்கடலிலிருந்தே முகம் காட்டிப் பேசுகிறான். ஆனாலும் ஒவ்வொரு முறை அவன் புறப்படும்போதும், அந்த மாதிரி ரேடியோ கப்பலில் உண்டா என்று அம்மா கேட்காமல் விடுவதில்லை. எந்தக் காலம் வந்தாலும் அது இல்லாமல் தூரக்கடலுக்குப் போக மாட்டோம் என்று அவன் சிரிப்பான்.

போன முறை அம்மா அதோடு விடவில்லை.

"அதுல பேசுற புள்ளைக்கு அம்மா இருக்காங்களாடா?"