ஆர்லிஸ் டீச்சர் வாயில் வராத வாக்கியம்

கனடா எல்லைக்கு இந்தப் பக்கம், கோதுமைச் சமவெளியின் நடுவில் எல்ஸ்டாட் என்று ஓர் ஊர். அங்கே அடிக்கிற காற்று ஒருமுறை ஒரு தபால்பெட்டியை வேரோடு பிடுங்கிப் பக்கத்து மாவட்டத்தில் நட்டுவிட்டது. உள்ளே இருந்த கடிதங்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தன என்று தபால்காரரே ஒப்புக்கொண்டார்.

அந்த ஊர் அரசுப் பள்ளியில் ஆர்லிஸ் ட்வைட் இருபது வருஷத்துக்கு மேலாக வேதியியல் நடத்திவந்தாள். அவள் படித்தது என்னவோ மனையியல். வேதியியல் வாத்தியார் ஒரு நவம்பரில் கல்யாணம் செய்துகொண்டு வெயிலைத் தேடி அரிஸோனா போய்விட, "வசந்தம் வரைக்கும் பாத்துக்கறியா?" என்று இவளைக் கேட்டார்கள். எல்ஸ்டாட்டில் வசந்தம் எப்போதுமே தாமதம்தான். இந்த விஷயத்தில் அது வரவே இல்லை.

பிறகு சட்டம் ஒன்று வந்தது. அரசுப் பள்ளியில் யார் எந்தப் பாடம் நடத்தினாலும், அந்தப் பாடத்தில் தமக்குத் தகுதி உண்டென்று மாநிலத்துக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். பாடத்தில் பட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு எழுத வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அனுபவம், சாதனை, நற்சான்று என்று நூறு புள்ளி சேர்த்துக் காட்ட வேண்டும். அதுவரை பெற்றோருக்குப் பள்ளிக்கூடமே கடிதம் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆர்லிஸின் மகள் சோல்வெய்க் அம்மாவிடம்தான் வேதியியல் படித்தாள். ஆகவே கடிதம் ஆர்லிஸ் வீட்டுக்கும் வந்தது.

புருஷன் டெல்மர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அதை வாசித்தான்.

"நம்ம பொண்ணுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கற டீச்சருக்குத் தகுதி இருக்கான்னு இன்னும் தெரியலையாம். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும். உருளைக்கிழங்கை மசி."

"பெத்தவங்க வந்து கேள்வி கேக்கலாமாம். நாளைக்குப் போய் ஒரு சத்தம் போட்டுட்டு வரட்டுமா?"

"போயேன். கன்னுக்குட்டிக்குத் தீனி வெச்சுட்டுப் போ."

"அந்தம்மா அவங்க வீட்லயும் இப்படித்தான் அதட்டுமோ?"

"அப்பா, போதும்," என்றாள் சோல்வெய்க். சிரிப்பை அடக்கியதில் பால் மூக்கில் ஏறிவிட்டது.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. பிப்ரவரிக்குள் நிரூபிக்காவிட்டால் அவளுடைய வகுப்பு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போய்விடும். இருநூறு மைலுக்கு அப்பால் யாரோ ஒருவர் பேசுவார், பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெட்டிக்கு மூக்கு கிடையாது. எவன் எந்தக் குடுவையில் எதை ஊற்றித் தொலைத்தான் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், வாசனையிலேயே சொல்லக்கூடியவள் ஆர்லிஸ். இன்னொருவர் கையில் அந்த வகுப்பை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

"பேசாம தேர்வு எழுதிடு," என்றார் பள்ளிக் கண்காணிப்பாளர் ராடமேக்கர்.

"நாப்பத்தெட்டு வயசுல பெயிலாகி, அதே பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கறது?"

"அப்ப புள்ளிதான். இந்தக் கட்டத்துல உன் சாதனையெல்லாம் எழுது."

ஆர்லிஸ் யோசித்து, 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று எழுதினாள்.

"உன்கிட்டப் படிச்சவங்கள்ல அஞ்சு பேர் டாக்டர் ஆயிருக்காங்க, ஆர்லிஸ்!"

"அவங்க படிச்சாங்க. நான் கூட இருந்தேன்."

"சரி, அதையாவது எழுது."

"கூட இருந்தேன்னா? பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்காது?"

ராடமேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவரும் எல்ஸ்டாட்காரர்தானே, அவருக்குப் புரிந்தது. அந்த ஊரில் திருடினால்கூட ஒரு தலைமுறையில் மறந்துவிடுவார்கள். தற்பெருமை பேசினால் மறக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் எப்போதோ தன் வீட்டு முட்டைக்கோஸ் பெரிது என்று தேவாலய வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. பேரன் பேத்திகளை இன்னமும் 'முட்டைக்கோஸ் வீட்டார்' என்றுதான் சொல்கிறார்கள். மற்றவரைப் புகழ்வதிலும் அளவு உண்டு. 'பரவாயில்லை' என்பதுதான் உச்சம். அதற்கு மேல் போனால், இவர் ஏதோ கடன் கேட்கப் போகிறார் என்று எதிராளி உஷாராகிவிடுவான்.

சாதனைக் கட்டத்தில் சைபர். ஆக எல்லாமே நற்சான்றுகளின் தலையில் விழுந்தது. மூன்று பேர் எழுதினார்கள். மூவரும் ஆர்லிஸுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர்கள்.

இரண்டு மகன்களை டாக்டராக்கிப் பார்த்த மார்வெல் பாக்கி எழுதினாள்: 'என் பையன்கள் இவரிடம் படித்தார்கள். அவர்களுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை.' தானியக் கிடங்கு நடத்தும் ஆர்வில் ஹவ்கன் எழுதினார்: 'இவர் வகுப்பில் வெடிக்க வேண்டியவை தவிர வேறு எதுவும் வெடித்ததில்லை.' பாதிரியார் நெடுநேரம் ஜெபம் செய்துவிட்டு எழுதினார்: 'இவரைவிட மோசமானவர்களைப் பார்த்திருக்கிறேன்.' எழுதி முடித்ததும், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை.

தலைநகரில் இவற்றைப் படித்த அதிகாரி டெனிஸ் ஃபான்டெனோ தெற்கே லூசியானாவில் பிறந்து வளர்ந்தவள். அவள் ஊரில் ஒரு கிண்ணம் இறால் குழம்பு நன்றாக இருந்தாலே அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டுத்தான் கை கழுவுவார்கள். மூன்று கடிதத்தையும் படித்ததும் அவளுக்கு வியர்த்துவிட்டது. சொந்த ஊரே இப்படிக் காறித் துப்புகிற ஓர் ஆசிரியையை அவள் கண்டதில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரே வந்துவிட்டாள்.

பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஊர் கூடியது. எலுமிச்சை கேக்கும் காப்பியும் தயாராக இருந்தன.

"டீச்சர் கொஞ்சம் வெளியே இருங்க. எல்லாரும் பயப்படாம மனசு விட்டுப் பேசணும்," என்றாள் ஃபான்டெனோ.

ஆர்லிஸ் சமையலறைக்குள் போய் இருக்கிற கேக்கையே இன்னும் சின்னதாக வெட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

கூடத்தில் ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள். கடைசியில் ஆர்வில் தொண்டையைக் கனைத்தார்.

"பரவால்ல."

"என்ன பரவால்ல, ஐயா?"

"ஆர்லிஸ்தான். பரவால்ல."

"அவங்ககிட்ட என்ன குறை? தைரியமா சொல்லுங்க."

"குறையா? ஒண்ணுமில்லயே."

"இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்," என்று மார்வெல் தன்னால் ஆன மட்டும் ஆதரித்தாள். நான்கைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு கிழவர் உணர்ச்சிவசப்பட்டு மூக்கைச் சிந்தினார்.

ஃபான்டெனோ பேனாவை மூடினாள். "உங்க கஷ்டம் புரியுது. கவலைப்படாதீங்க, அடுத்த மாசத்துலேர்ந்து கெமிஸ்ட்ரி வகுப்பை டிவிக்கு மாத்திக் குடுத்துடறேன்."

ஆர்வில் எழுந்து தொப்பியை மாட்டினார். மார்வெல் எழுந்தாள். பிறகு ஊரே எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு ஜிப்பை இழுத்தது. ஒரே நேரத்தில் அத்தனை ஜிப்பும் ஏறிய சத்தத்தில் மூன்று மைல் தள்ளியிருந்த காட்டு வாத்துகள் குளத்தை விட்டுப் பறந்துவிட்டனவாம். யாரும் வெளியே போகவில்லை. கேக்கையும் தொடவில்லை. அப்படியே நின்றார்கள்.

ஃபான்டெனோ சமையலறைக்குள் ஓடி வந்தாள். "என்ன பண்றாங்க இவங்க?"

"கோவமா இருக்காங்க," என்றாள் ஆர்லிஸ்.

"உங்க மேலயா?"

"இல்ல, உங்க மேல."

"ஒருத்தர்கூடக் கத்தலையே!"

"காப்பி ஆறிட்டிருக்கு, யாரும் தொடல. எங்க ஊர்ல இதுக்கு மேல கோவப்பட முடியாதும்மா."

ஃபான்டெனோ கெட்டிக்காரிதான். கூடத்தையும் கையிலிருந்த ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தாள். கடிதங்களை எடுத்து மறுபடி படித்தாள். இந்த முறை நிதானமாக.

"ஐயோ," என்றாள். "இதெல்லாம் பாராட்டா?"

"பாதிரியார் எழுதினது கொஞ்சம் ஓவர்."

"ஆனா நான் இதை அப்படியே மேல அனுப்ப முடியாது, டீச்சர். அங்க யாருக்கும் புரியாது. ஒண்ணு பண்ணுங்க. உங்க சாதனைக் கட்டத்துல ஒரே ஒரு வரி. 'நான் நல்ல கெமிஸ்ட்ரி டீச்சர்.' நீங்க வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். மிச்சப் புள்ளிக்கு நானாச்சு."

ஆர்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். வகுப்பை நினைத்துக்கொண்டாள். "நான்..." என்று ஆரம்பித்தாள். கழுத்து சிவந்தது, பிறகு காது சிவந்தது. கூடத்தில் கோட்டோடு நின்ற மொத்த ஊரும் அவள் சொல்லிவிடுவாளோ என்று பதறித் தரையைப் பார்த்தது.

"நான்... அந்தத் தேர்வுக்கு இன்னும் பேர் குடுக்கலாமா?"

"பெயிலாயிட்டா? அப்புறம் புள்ளிக்கும் நேரம் இருக்காது."

"பரவால்ல. அவமானம்தானே, அதைத் தாங்கிக்கலாம்."

தேர்வு நாளன்று அடித்த குளிரில், வானொலிக்காரர் வெப்பநிலையை வாய்விட்டுச் சொல்லக் கூசி ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். டெல்மர் லாரியை ஓட்டினான். வழியில் கேள்வி கேட்டுப் பார்க்கிறேன் என்று சோல்வெய்க்கின் பாடப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தான். ஒரு சொல்லையும் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை. தேர்வறையில் இருந்தவர்கள் எல்லாம் அவள் மகள் வயசுப் பிள்ளைகள். ஆர்லிஸ் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள், எழுதினாள், முடித்தாள். "எப்படி?" என்று டெல்மர் கேட்டதற்கு, "கேள்வித்தாள்ல ஒரு கேள்வி தப்பு," என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் பிறப்பதற்குள் ஃபான்டெனோ தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தப் பருவத்தில் தேர்வு எழுதியவர்களில் ஆர்லிஸ்தான் முதல். ஃபான்டெனோ தான் பிறந்த ஊர் வழக்கப்படி அதை விஸ்தாரமாகப் புகழ்ந்தாள். ஆர்லிஸ் ரிசீவரை மாவு டப்பா மேல் வைத்துவிட்டு ரொட்டி மாவைப் பிசைந்தாள். அவ்வப்போது குனிந்து "ம்" என்றாள். தலைநகரில் ஒரு விழா வைத்து அவளுக்குக் கேடயம் தரப்போகிறார்களாம். எந்தத் தேதி சௌகரியம்?

"அன்னிக்கு எனக்கு விதைப்பு வேலை இருக்கு," என்றாள் ஆர்லிஸ்.

"தேதியே நான் இன்னும் சொல்லலையே! அங்க இடுப்பளவு பனி இல்ல?"

"வகுப்பு எனக்குத்தானே?"

"உங்களுக்கேதான், டீச்சர். இனிமே அதை யாரும் தொட முடியாது. நீங்க எவ்வளவு பெரிய..."

"ரொம்ப நன்றிம்மா. வெச்சுடறேன். திங்கக்கிழமை வகுப்புக்குக் கேஸ் தீந்துபோச்சு, கடை சாத்தறதுக்குள்ள சொல்லிடணும்."